சால்மன் இல்லாத ஆறு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டொராண்டோவில் வேலை பார்க்கிறேன். அடுத்த கோடையில் மனைவியோடு கனடாவின் வடமேற்கில் யூக்கான் ஆற்றுப் பக்கம், டாசன் ஊர் வரை போகலாம் என்று திட்டம். எந்த மாதம் நல்லது, செலவு எவ்வளவு ஆகும்? போய்வந்த நண்பர் ஒருவர், "பழங்குடிகள் எல்லாம் டிரக்கும் ஐபோனுமாகத் திரிகிறார்கள், பார்க்க ஒன்றுமில்லை" என்றார். வெளியுலகின் சுவடே படாத கிராமம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அவர்களோடு சேர்ந்து சால்மன் பிடிக்க முடியுமா?

பிரபு

அன்புள்ள பிரபு,

மாதம், செலவெல்லாம் இணையத்தில் கிடைக்கும். அந்தப் பக்கத்து ஹான் பழங்குடி மக்களின் தலைவராக இருந்த ஐசக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் பதில்.

முதலில் உங்கள் நண்பர். மைனஸ் 40 டிகிரியில் அவர்கள் நாய்வண்டிதான் ஓட்ட வேண்டும் என்று, ஹீட்டர் போட்ட வீட்டில் இருந்துகொண்டு சொல்ல நாம் யார்? உங்களுக்கு ஐபோன் இருக்கலாம், அவர்களுக்குக் கூடாதா? இந்த ஆசையே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

க்ளோண்டைக் ஆறு யூக்கானில் கலக்கும் இடம் ஹான் மக்களின் மீன்பிடி முகாம். 1896இல் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்தது. இரண்டே வருடத்தில் டாசனில் ஏறக்குறைய 30,000 பேர். முகாம் போயிற்று. ஐசக் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றோட்டத்தில் சில கிலோமீட்டர் கீழே இருக்கும் மூஸ்ஹைடுக்குப் போனார். இந்தக் கூட்டத்தில் பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அலாஸ்காவில் இருந்த உறவு மக்களிடம் பாடல்களையும் ஆட்டக்கோலையும் ஒப்படைத்தார், பத்திரமாக வைத்திருங்கள் என்று. பாட்டைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது, பாடிக்கொண்டே இருந்தால்தான் இருக்கும். அவர்கள் பாடினார்கள். 1932இல் ஐசக் இறந்தார். பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள், அங்கே தாய்மொழி பேசினால் தண்டனை. அப்புறம் 1990களில் இந்தப் பக்கத்துப் பேரப்பிள்ளைகள் எல்லை தாண்டிப் போய் அந்தப் பாடல்களைத் திரும்பக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1998இல் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என்ற அவர்கள் சமூகத்தின் பெயரில் தன்னாட்சி ஒப்பந்தமும் கையெழுத்தானது.

மூஸ்ஹைடில் அவர்கள் நடத்தும் கூடுகையில் நான் அந்தப் பாடல்களைக் கேட்டிருக்கிறேன். பறை அடித்த பையன் ஜீன்ஸ்தான் போட்டிருந்தான். அதனால் என்ன?

சால்மன் விஷயத்துக்கு வருகிறேன். சினூக் என்ற சால்மன் வகை முட்டையிடக் கடலிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒன்றும் தின்னாமல் நீந்தித்தான் டாசனுக்கு வர வேண்டும். இப்போது வருவது மிகச் சொற்பம். 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து, ஒரு தலைமுறை மீனாவது முழுசாகப் பிழைக்கட்டும் என்று ஏழு வருடத்துக்குப் பிடிப்பதை நிறுத்தின. டாசன் மக்கள் அதற்குப் பல ஆண்டு முன்பே தாங்களாகவே வலையை ஒதுக்கி வைத்தவர்கள்.

ஆனால் பிள்ளைகளுக்கு மீன் வேலை பழக்கும் முகாம் நிற்கவில்லை. நான் பார்த்தபோது வேறொரு ஆற்றின் மீன் ஐஸ்பெட்டியில் வந்திருந்தது. ஒரு பாட்டி பத்து வயதுப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து அறுக்கச் சொல்லிக்கொடுத்தார். சதையில் குறுக்கே கீறிக்கொண்டே போக வேண்டும், கத்தி தோல்வரை இறங்க வேண்டும், தோல் மட்டும் அறுபடக் கூடாது. அறுந்தால் புகைக் குடிலில் கொம்பின் மேல் தொங்காது. அந்தப் பெண் தோலையும் அறுத்துவிட்டாள். பாட்டி பேசாமல் அடுத்த மீனை எடுத்து வைத்தார். மீன் திரும்பி வரும் நாளில் அறுக்கத் தெரிந்த கை வேண்டும் அல்லவா? அதற்காக விலை கொடுத்து மீன் வாங்கிவந்து பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள் பிரபு. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் எனக்குத் தாங்கவில்லை.

ஆக, பிடிக்க முடியாது. அங்கே போய்க் கேட்கவும் வேண்டாம். மூஸ்ஹைட் கூடுகை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் நடக்கும், யாரும் வரலாம், டாசனிலிருந்து படகு உண்டு. பந்தியில் பெரியவர்களுக்குத்தான் முதலில் சாப்பாடு, பொறுத்திருங்கள். சாப்பிட்டபின் பாத்திரம் கழுவக் கூப்பிட்டால் இருவரும் போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.