கரூர் வெயிலில் தக்காளியோடு என்னென்ன சேர்த்து நடலாம்?

கரூர்ப் பக்கம் 3 சென்ட் செம்மண், போர் தண்ணீர்; எந்தச் செடியைக் கூட நட்டால் தக்காளி வெயிலையும் பூச்சியையும் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். செண்டுமல்லி, தீவனச் சோளம், தட்டைப்பயறு, கொத்தமல்லி, இந்த நாலு போதும். ஆனால் நாலையும் தக்காளி நடுகிற அன்றைக்கே விதைத்தால் தண்ணீருக்குப் பங்காளிதான் கூடும், பலன் இருக்காது.

நாள் கணக்கைச் சொல்கிறேன். தை பிறந்ததும், ஜனவரி 15 வாக்கில் நடவு என்று வையுங்கள். செண்டுமல்லி விதை டிசம்பர் 6, ஓரச் சோளம் டிசம்பர் 10, தக்காளி விதை டிசம்பர் 21. நடவன்று செண்டுமல்லி நாற்றுக்கு 40 நாள், தக்காளி நாற்றுக்கு 25 நாள். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி செண்டுமல்லி மொட்டைத் தேடிப் போய் முட்டையிடும். தக்காளி முந்திப் பூத்துவிட்டால் அது ஏன் அங்கே போகப்போகிறது?

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. உங்கள் இடத்தில் ஓரப்பயிர் போக, 60×45 செ.மீ. இடைவெளியில் 12 வரிசைதான் வரும். நடுவில் ஒரு வரிசை வையுங்கள். பெரிய பூ விடும் உயர ரகமாக இருக்கட்டும். வாரம் இருமுறை பூக்களைப் பறித்து, புழு இருந்தால் நசுக்கிவிட வேண்டும். பறிக்காமல் விட்டால் தோட்டத்து நடுவிலேயே புழுப் பண்ணை வைத்த கதை.

செண்டுமல்லியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மார்ச் வெயில் ஏறியதும் செம்பேன் முதலில் அதில்தான் பிடிக்கும், பிறகு தக்காளிக்குத் தாவும். இலை மேல்புறம் ஊசியால் குத்தினாற்போல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். மிளகாய்த்தூள் போல விழுந்து, நகர ஆரம்பித்தால் அதுதான். காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். நூலாம்படை கட்டிய செடியைப் பிடுங்கிவிடுங்கள். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) கேட்கும்தான், ஆனால் 35 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும். வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் செண்டுமல்லி நல்லது என்பார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதம் நிலம் முழுக்க அதையே போட்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு வரிசை வைத்து அந்தப் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

சோளம் ஓரத்தில். மேற்கே மூன்று வரிசை, மற்ற பக்கம் இரண்டு. தக்காளிக்கும் அதற்கும் 3 அடி விடுங்கள். இலைச்சுருள் நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈயை இந்தச் சோளத்தட்டை வேலி ஓரளவு மறிக்கும். நட்ட முதல் 30 நாளில் நோய் பிடித்த செடி காய்க்காது என்பதால், நடவன்றே சோளம் முழங்கால் உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். மக்காச்சோளமும் வைக்கலாம், ஆனால் கதிரில் வருவது அதே காய்ப்புழுதான். சோளம் பூத்ததும், பால் பிடிக்குமுன், பகுதி பகுதியாக அறுங்கள். பூட்டை (கதிர்) வராத, வாடி நிற்கும் இளஞ்சோளத்தையும் அறுத்தபின் வரும் தழையையும் பச்சையாக மாட்டுக்குப் போடாதீர்கள், விஷம்.

நிழலுக்குச் சோளத்தை நம்பாதீர்கள். சித்திரையில் உச்சி வெயில் நேர் தலைமேல். பக்கத்துச் செடியின் நிழல் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் விழும். பழம் வெந்து வெளுத்தால் 35 சதவீத நிழல்வலை கட்டுங்கள். 50 என்றால் செடி நெடுநெடுவென்று போய்விடும்.

தட்டைப்பயறில் கொடி ஓடாத குத்து ரகம் வேண்டும். அதில் அடையும் கறுப்பு அசுவினியைக் கண்டு மருந்தடிக்காதீர்கள், பொறிவண்டு அதைத் தின்னத்தான் வரும். 45 நாளில் தரையோடு அறுத்து, தழையைத் தக்காளி அடியில் பரப்புங்கள். வேர் மண்ணிலேயே கிடக்கட்டும். கொத்தமல்லி வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும், இங்கே அதுதான் தேவை. அந்தப் பூவுக்கு, பூச்சி முட்டையிலும் புழுவிலும் தன் முட்டையை வைத்து அவற்றை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி வரும்.

பக்கத்தில் கூடாதவை: கத்தரி, மிளகாய், வெண்டை. வெள்ளை ஈயும் நூற்புழுவும் இவற்றுக்கும் பொது.

இத்தனைக்கும் மேலே, மூடாக்கு. கரும்புத்தோகையோ வைக்கோலோ 3 அங்குலம், தண்டிலிருந்து 2 அங்குலம் தள்ளி. காயின் அடி கறுத்து அழுகினால் உடனே சுண்ணாம்பைத் தேடாதீர்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும், ஒருநாள் காய்ந்து ஒருநாள் வெள்ளமாகப் பாயும் தண்ணீரால் அது காய்க்குப் போய்ச் சேராது. ஓரச் சோளத்துக்குத் தனி வாய்க்கால் போட்டால் தக்காளி சொட்டுநீர் கணக்கு கெடாது.

ஏப்ரல் கடைசியில் இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும். அதற்கு எந்தத் துணைச்செடியும் உதவாது. அதனால்தான் தையில் நடச் சொல்வது. பிப்ரவரி, மார்ச்சில் பிடித்த பிஞ்சுதான் உங்கள் மகசூல்.