ஹைப்ரிட் காருக்கு வீட்டில் சார்ஜ் போட வேண்டுமா? அதில் எத்தனை வகை?

வகையைப் பொறுத்தது. 2023-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டொயோட்டா கொரோலா கிராஸ் ஹைப்ரிட் வாங்கினேன். லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்த நேரம். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் சித்தப்பா காரை இரண்டு சுற்று சுற்றி வந்து, "பிளக் எங்கப்பா? கரண்ட் போனா என்ன செய்வே?" என்றார். பிளக்கே கிடையாது என்றேன், நம்பவில்லை.

என்னுடையது முழு ஹைப்ரிட். 1997-இல் ஜப்பானில் வந்த பிரியஸ் இந்த வகைதான். பெட்ரோல் எஞ்சின், மின் மோட்டார் இரண்டும் சக்கரத்தைச் சுழற்றும். எது எப்போது என்பதைக் காரே பார்த்துக்கொள்ளும். பேட்டரி சின்னது. எஞ்சின் ஓடும்போதும் பிரேக் போடும்போதும் தானாக நிரம்பும். குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் வந்தால் கண்ணால் பார்க்கலாம்: ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, திரையில் பேட்டரிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறும். நிரம்பிவிட்டால் அப்புறம் எஞ்சின் பெட்ரோல் இல்லாமலே உறுமிக்கொண்டு வேகத்தைப் பிடிக்கும். முதல் தடவை ஏதோ கெட்டுவிட்டதென்று பயந்துவிட்டேன். (இந்த மாடல் நம்மூர் பிராஸ்பெக்டன் ஆலையில்தான் தயாராகிறது. சித்தப்பாவுக்கு அந்தப் பெருமை போதும்.)

மைல்ட் ஹைப்ரிட் பெயருக்குத்தான் ஹைப்ரிட் என்பேன். டொயோட்டாவின் புது ஹைலக்ஸ் பிக்கப்பில் வரும் 48 வோல்ட் அமைப்பு அதுதான். சிறு மோட்டார் பெல்ட் வழியாக எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்; தனியாக வண்டியை இழுக்காது.

சீரீஸ் ஹைப்ரிட் என்றும் ஒன்று உண்டு. நிசானின் இ-பவர் அப்படி. எஞ்சின் மின்சாரம் மட்டும் தயாரிக்கும். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்தான்.

சுவரில் செருகுவது பிளக்-இன் மட்டும். பெரிய பேட்டரி, மாடலைப் பொறுத்து 50 கிலோமீட்டரோ அதற்கு மேலோ பெட்ரோல் தொடாமல் போகும். ஆனால் சார்ஜ் போடாமல் ஓட்டினால் கனமான பேட்டரியைச் சும்மா சுமப்பதுதான் மிச்சம். வாங்கிவிட்டு கேபிளைப் பையிலிருந்தே எடுக்காத ஒருவரை எனக்குத் தெரியும்!

இன்னொன்று. பெட்ரோல் மிச்சமாவது தெரிவது நின்று நின்று போகும் ஊருக்குள்தான். என்3 நெடுஞ்சாலையில் ஜொகன்னஸ்பர்க் வரை ஒரே வேகத்தில் ஓட்டினால் பிரேக் போட வேலையே இல்லை, பேட்டரிக்கும் பெரிதாக வரவு இல்லை.

எனக்குப் பிளக்-இன் மேல் ஆசை இருந்தது. எங்கள் ஃபிளாட்டில் கார் நிறுத்துமிடம் கீழே, பிளக் பாயின்ட் மூன்றாவது மாடியில்.