தண்ணீர் பாய்ச்சியும் புல் ஏன் எழவில்லை?

கேள்வி: கினிப்புல் மேய்ச்சல் நிலத்துக்கு வாரம் தவறாமல் தண்ணீர் பாய்ச்சுகிறேன். மாடுகள் ஒட்ட மேய்ந்த பிறகுதான் அடுத்த அடைப்புக்கு மாற்றுகிறேன். ஆரம்பத்தில் நன்றாகத் துளிர்த்தது. இப்போது ஒரு மாதம் ஆனாலும் முழங்கால் உயரம் தாண்டவில்லை, நடுவே கோரை வேறு. தண்ணீரைக் கூட்டலாமா?

பதில்: தண்ணீரைக் கூட்டாதீர்கள். மண்வெட்டியால் ஒரு தூரைத் தோண்டி வேரைப் பாருங்கள். குட்டையாகப் பழுப்பேறிக் கிடந்தால், அந்த வேரால் நீங்கள் பாய்ச்சுவதைக்கூட முழுசாக உறிஞ்ச முடியாது.

புல் மறுபடி எழுவது, மிஞ்சிய இலை வெயிலைப் பிடித்துச் சமைக்கும் உணவில். ஒட்ட மேய்ந்து இலையே இல்லாவிட்டால் தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழிக்கும். ஆரம்பத்தில் துளிர்த்தது அந்தச் சேமிப்பில்தான். 1955-இல் அமெரிக்க ஆய்வாளர் கிரைடர் வெளியிட்ட ஆய்வில், தழையில் 80 சதவீதத்தை ஒரே தடவையில் வெட்டிய புல்லின் வேர் 12 நாட்கள் வளரவே இல்லை. 40 சதவீதம் வெட்டியதில் வேர் நிற்கவில்லை.

நானும் ஒருமுறை இரண்டு நாளில் மாற்ற வேண்டிய மாடுகளை ஐந்து நாள் விட்டுவிட்டேன். முதல் நாள் கடித்த தூரில், பழுத்த கடிவாய்களுக்கு நடுவே வெளிர்பச்சைக் குருத்து விரல் நீளம் வந்திருந்தது. பக்கத்தில் முற்றிய புல் நிற்க, ஒரு பசு அந்தக் குருத்தையே தேடிப்போய்க் கடித்தது. இளசுதானே அதற்கு ருசி! அந்தத் தூர்கள்தான் பின்னால் செத்தன. அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. மூன்று நாளுக்கு மேல் ஓர் அடைப்பில் விடவே விடாதீர்கள்.

மொம்பாசா போன்ற உயர ரகம் என்றால், 90 செ.மீ. வந்ததும் உள்ளே விடுங்கள், 30 முதல் 50 செ.மீ. நிற்கும்போதே வெளியே ஓட்டுங்கள். தூர் தேறும்வரை 50-ஐ ஒட்டியே வையுங்கள். அதற்காக 90-ஐத் தாண்டியும் காத்திருக்க வேண்டாம். அந்த உயரத்தில் தழை 95 சதவீத வெயிலை மறித்துவிடும், அப்புறம் அடியிலை காயும், தண்டுதான் நீளும். எடை கூடும், தீனி கூடாது. நாள் கணக்கை விட்டு உயரத்தைப் பாருங்கள். குளிர் மாதங்களில் எவ்வளவு பாய்ச்சினாலும் இந்தப் புல் மெதுவாகத்தான் வரும்.

இன்னொன்று, பாய்ச்சிய ஈரத்தில் மாடுகளை விட்டால் குளம்பு மண்ணை இறுக்கிவிடும். மேய்ந்து முடித்த பிறகு பாய்ச்சுங்கள். இப்போதைக்கு மெலிந்த அடைப்புகளை மூடிவிட்டு, வெட்டுத் தீவனத்தால் சமாளியுங்கள். புல் அடர்ந்து நிழல் கட்டினால் கோரை தானாக ஒடுங்கும்.