வீட்டுப் பொருட்களை வரைய எப்படி அடுக்குவது? கேள்வி பதில்

கேள்வி: ஏழெட்டுப் பொருட்களை வைத்து வரைந்தேன். ஒரே நெரிசலாக இருக்கிறது. எத்தனை வைக்கலாம்?

பதில்: மூன்று போதும். உயரமாக ஒன்று, குட்டையாக அகலமாக ஒன்று, சின்னதாக ஒன்று. பாட்டில், கிண்ணம், ஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தள்ளித் தள்ளி வைப்பதா, சேர்த்து வைப்பதா?

பதில்: சேர்த்துத்தான். ஒன்று இன்னொன்றைக் கொஞ்சம் மறைத்தால்தான் எது முன்னால், எது பின்னால் என்று தெரியும். ஆனால் ஓரங்கள் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டாம். இரண்டும் ஒரே கோடாகி, ஆழம் போய்விடும். நன்றாக மறைக்கட்டும், இல்லையென்றால் நன்றாக விலகட்டும். பாட்டில்களையும் ஜாடிகளையும் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்த இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி (1890–1964) இதற்கு மாறாக, பல படங்களில் ஓரங்களை வேண்டுமென்றே ஒட்டவைத்தார். அவர் படங்களை நிதானமாகப் பாருங்கள். பொருட்களுக்கு நடுவே உள்ள காலி இடத்துக்கும் ஒரு வடிவம் இருப்பது புரியும். என்னைக் கேட்டால், அடுக்குவதில் பாதி வேலை அந்தக் காலி இடத்தைப் பார்ப்பதுதான். பொருட்களை விட்டுவிட்டு அதை மட்டும் ஒருமுறை வரையுங்கள். இடைவெளிகள் எல்லாம் ஒரே அகலமாக வந்தால் ஒரு பொருளை நகர்த்துங்கள்.

கேள்வி: தாளில் கீழே எப்போதும் இடம் போதாமல் போகிறது.

பதில்: தாளின் அதே விகிதத்தில் ஓர் அட்டையில் செவ்வகமாக ஓட்டை வெட்டி, ஒரு கண்ணை மூடி அதன் வழியே பாருங்கள். அப்புறம் தீப்பெட்டி அளவில் நாலைந்து குட்டிப் படங்கள் போடுங்கள். இடப் பிரச்சினை அதிலேயே தெரிந்துவிடும். மேஜையின் பின்விளிம்பு படத்தைச் சரிபாதியாக வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜன்னல் வெளிச்சமா, விளக்கா?

பதில்: ஆரம்பத்தில் விளக்கு. ஜன்னல் வெளிச்சத்தில், வரைந்து முடிப்பதற்குள் நிழல் இடம் மாறிவிடும். பக்கவாட்டில், சற்று மேலே ஒரே ஒரு விளக்கை வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். மேஜைமேல் விழும் நிழலும் படத்தில் ஓர் உருவம்தான், அதையும் சேர்த்தே அடுக்குங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: நுணுக்கங்கள் மறைந்து, இருட்டு, வெளிச்சம், நடுத்தரம் மட்டும் மிஞ்சும். அந்த மூன்றும் எல்லா இடத்திலும் சமமாகச் சிதறிக் கிடந்தால் அடுக்கை மாற்ற வேண்டும்.

கேள்வி: டம்ளரின் வாய் சரியாக வருவதே இல்லை.

பதில்: கண் மட்டத்தில் வட்டம் நேர்கோடாகத் தெரியும், கீழே போகப் போக நீள்வட்டமாகத் திறந்து விரியும். அதனால் அடிவட்டம் வாயைவிடக் கொஞ்சம் அதிகம் விரிந்திருக்கும். இரு முனைகளையும் கூராக முடிக்காதீர்கள், வளைத்தே திருப்புங்கள்.

கேள்வி: அடியில் துணி விரிக்கலாமா?

பதில்: தாராளமாக. பூப்போட்டது வேண்டாம், வெற்றுத் துணி போதும். ஒரு பெரிய மடிப்பைச் சாய்வாக விடுங்கள், கண் அதன் வழியே பொருட்களிடம் போகும்.