ஆபரேட்டர் அண்ணாச்சி பதில்கள்: குண்டைக் காட்டாத குண்டுப் படங்கள்

போன இதழில் அணுகுண்டுப் படங்களைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வழக்கமாகச் சிவாஜியா எம்ஜிஆரா என்று கேட்கிறவர்கள்கூட ஏவுகணையைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெயர் போட்டால் ஊருக்குள் வம்பு வருகிறது. அதனால் இந்தத் தடவை ஊர்ப் பெயர் மட்டும்.

ராதாபுரம் வாசகர்: அண்ணாச்சி, நீங்கள் சொன்னீர்களே என்று 'ஃபெயில் சேஃப்' பார்த்தேன். ஒருத்தர் போன் பேசிக்கொண்டே இருக்கிறார். சண்டை எங்கே?

அந்தப் போனில்தான் தம்பி.

என் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். முப்பத்தொரு வருஷம் தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமில் இருந்தேன். இரண்டு மெஷின், வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிகிற உஸ் சத்தம், பல்சக்கரத்தில் பிலிம் ஓடுகிற கடகட. ரூமுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அது எம்ஜிஆர் பேசினாலும் நம்பியார் பேசினாலும் ஒரே மாதிரி கரகரக்கும். தமிழ்ப் படத்துக்கே இந்தக் கதி. இங்கிலீஷ் படம் என்றால் அப்போது எனக்கு ஒரு எழுத்து புரியாது. கைக்குட்டை அகலக் கண்ணாடி வழியாக முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். வசனம் இல்லாமல் முகம் மட்டும் நின்றால் அவன் நடிகன், நிற்கவில்லை என்றால் சும்மா ஆள். அப்படிப் பழகிவிட்டது.

'ஃபெயில் சேஃப்' 1964-இல் வந்தது. சிட்னி லூமெட் எடுத்தது. ஒரு கருவிக் கோளாறில் அமெரிக்கக் குண்டு விமானங்களுக்குத் தாக்குதல் உத்தரவு போய்விடுகிறது. அவை மாஸ்கோவை நோக்கிப் போகின்றன. திருப்பிக் கூப்பிட வழியில்லை. ஜனாதிபதியாக வருகிற ஹென்றி ஃபோண்டா ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ரஷ்யத் தலைவரிடம் போனில் பேசவேண்டும். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர், லாரி ஹேக்மன். அறையில் பார்க்க வேறு ஒன்றும் கிடையாது. படத்தில் பின்னணி இசையும் கிடையாது.

ஃபோண்டா அந்தப் பையனிடம் ஒரு விஷயம் சொல்வார். அந்தாள் பேசுவதை மட்டும் சொன்னால் போதாது, அவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று உனக்குத் தோன்றுகிறதோ அதையும் சொல்லு என்பார். அதற்குப் பிறகு ஹேக்மனின் முகத்தைப் பாருங்கள். ரஷ்யத் தலைவர் படத்தில் வருவதே இல்லை. அவர் கோபப்படுவது, சந்தேகப்படுவது, உடைந்துபோவது எல்லாம் இந்தப் பையனின் கண்ணில்தான் நமக்குத் தெரிகிறது. எதிரே இல்லாத ஒரு ஆளையும் சேர்த்து நடித்திருக்கிறான்.

பேரனிடம் சொல்லி டிவியில் இரண்டாம் தடவை போடச் சொன்னபோது சவுண்டைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். படம் அப்படியே நின்றது. நீங்களும் ஒரு பத்து நிமிஷம் அப்படிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். முடிவை இங்கே சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பாவம்.

பேட்டை, கல்லூரி மாணவர்: 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் மூன்று வேஷம். நம்ம 'நவராத்திரி'க்கு முன்னால் அது எம்மாத்திரம்?

நல்ல கேள்வி. இரண்டுமே 1964. ஸ்டான்லி குப்ரிக்கின் படம் அந்த வருஷம் ஜனவரியில், நவராத்திரி நவம்பரில், நடுவே அக்டோபரில் 'ஃபெயில் சேஃப்'. சிவாஜிக்கு ஒன்பது வேஷம், அதுவும் அவருடைய நூறாவது படம். கணக்குப் போட்டால் நாம்தான் ஜெயிக்கிறோம், சரி.

ஆனால் செல்லர்ஸுக்கு நாலாவதாக ஒரு வேஷமும் இருந்தது. குண்டு விமானத்தின் கேப்டன். கணுக்காலில் அடிபட்டதால் முடியாமல் போய், ஸ்லிம் பிக்கன்ஸ் என்கிற ஆள் வந்தார். அவர் நிஜமாகவே காளை, குதிரை வேடிக்கைகளில் இருந்து வந்தவர். கடைசியில் குண்டின் மேல் உட்கார்ந்து தொப்பியை வீசிக்கொண்டு இறங்குவாரே, அதை செல்லர்ஸ் செய்திருந்தால் நாம் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பிக்கன்ஸ் செய்ததில் சிரிப்பு பாதியில் தொண்டையில் நிற்கிறது.

செல்லர்ஸின் மூன்று வேஷத்தில் எனக்குப் பிடித்தது சக்கர நாற்காலி டாக்டர் கிடையாது. வழுக்கைத் தலை ஜனாதிபதிதான். குடித்துவிட்டு இருக்கிற ரஷ்யத் தலைவரிடம், உங்கள் நாட்டின் மேல் தவறுதலாகக் குண்டு போட விமானம் வருகிறது என்று போனில் சொல்லவேண்டும். சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு, பந்தியில் சாப்பாடு பற்றாமல் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி அப்படி ஒரு குழைவு. ஃபோண்டா செய்த அதே வேலை, அதே போன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே படத்தில் ராணுவ ஜெனரலாக வருகிற ஜார்ஜ் சி. ஸ்காட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சும்மா ஒத்திகைக்குத்தான், கொஞ்சம் மிகையாகச் செய்யுங்கள் என்று குப்ரிக் அவரைத் தூண்டிவிட்டு, கடைசியில் அந்த மிகையான துண்டுகளையே படத்தில் வைத்துவிட்டார் என்பார்கள். ஸ்காட்டுக்கு அதில் வருத்தமாம். படத்துக்கு லாபம்.

விஜயநாராயணம் பக்கத்து வாசகர்: எங்கள் ஊரில் கடற்படை டவர் இருக்கிறது. அதற்கும் நீர்மூழ்கிப் படங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று மகன் சொல்கிறான். உண்மையா?

மகன் சொன்னது சரி. 1990-இல் திறந்த ஐஎன்எஸ் கட்டபொம்மன் அது. 471 மீட்டர் உயரத்துக்குக் கம்பம் நிற்கிறது. நாங்குநேரி தாண்டும்போது ராத்திரியில் சிவப்பு விளக்கு வரிசை தெரியுமே, அதுதான். சாதாரண ரேடியோ அலை கடல் தண்ணீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் சில மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். அதுவும் மெதுவாகத்தான் செய்தி போகும். உள்ளே இருக்கிறவன் கேட்டுக்கொள்ளலாம், அதே வழியில் திருப்பிப் பேச முடியாது. அதற்குத்தான் இவ்வளவு பெரிய கம்பம். கயத்தாற்றில் தூக்கில் போட்டவனின் பெயரைக் கடலுக்கு அடியில் சேதி சொல்கிற இடத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

இனி 'கிரிம்சன் டைட்'. 1995-இல் டோனி ஸ்காட் எடுத்தது. ரஷ்யாவில் ஒரு கலகக்காரன் ஏவுகணைத் தளத்தைப் பிடித்துவிடுகிறான். அமெரிக்க நீர்மூழ்கிக்கு ஏவு என்று உத்தரவு வருகிறது. அடுத்து இன்னொரு செய்தி வர ஆரம்பித்து, தாக்குதலில் பாதியில் அறுந்துபோகிறது. அது 'நிறுத்து' என்பதாக இருக்கலாம், 'சீக்கிரம்' என்பதாகவும் இருக்கலாம். கேப்டன் ஜீன் ஹேக்மன், கையில் இருக்கிற முழு உத்தரவுதான் உத்தரவு என்கிறார். அடுத்த அதிகாரி டென்ஸல் வாஷிங்டன், மீதியைத் தெரிந்துகொள்ளாமல் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

இந்தப் படத்தை நான் ஓட்டியிருக்கிறேன். என் கைக்கு வந்த படப்பெட்டி பல ஊர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. ரீலுக்கு ரீல் ஒட்டு. அந்தச் செய்தி பாதியில் நின்றதும், முந்தின ஊர்க்காரன் துண்டு விட்டுவிட்டான் என்று நினைத்துத் திட்டினேன். முதல் இரண்டு ஷோவும் அதே நினைப்புதான். மூன்றாம் ஷோவில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு சார், இடைவேளையில் டீ குடிக்கும்போது கதையைச் சொன்னார். அட, படமே அந்த அறுந்த துண்டைப் பற்றித்தானா! அன்றைக்கு ராத்திரி ஷோவில் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

ஹேக்மன் சத்தம் போடுகிற இடங்களை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது ரேடியோ சரியாகட்டும் என்று இருவரும் உட்கார்ந்து காத்திருக்கிற இடம். அந்த நேரத்தில் கேப்டன் குதிரையைப் பற்றிப் பேசுகிறார். லிப்பிசான் என்று ஒரு வெள்ளைக் குதிரை இனம், அதை எப்படிப் பழக்குகிறார்கள் என்று. பேச்சில் நிறவெறி ஊசி இருக்கிறது. அவை பிறக்கும்போது கறுப்புதான் என்று டென்ஸல் பதில் சொல்கிறார். குரல் ஏறவில்லை. தாடை மட்டும் ஒரு தடவை அசைகிறது. ஹேக்மன் சுருட்டும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கிறார். உலகம் அழியப்போகிறது, இவர்கள் குதிரை எந்த நாட்டுக் குதிரை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இரண்டு பேரில் ஒருத்தர் கொஞ்சம் குறைந்த நடிகராக இருந்திருந்தாலும் ஜனம் முறுக்கு வாங்கப் போயிருக்கும். ஹேக்மன் 2025 பிப்ரவரியில், 95 வயதில் போய்ச் சேர்ந்தார்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். இது வெறும் கதை கிடையாது. 1962 அக்டோபர் 27 அன்று, கியூபாவில் ரஷ்யா ஏவுகணை வைத்ததால் வந்த நெருக்கடியின்போது, சோவியத் நீர்மூழ்கி பி-59 மாஸ்கோவோடு தொடர்பு இல்லாமல் அடியில் கிடந்தது. மேலே அமெரிக்கக் கப்பல்கள் வெடி போட்டுக்கொண்டிருந்தன. கேப்டன் அணு டார்ப்பிடோவைத் தயார் செய்யச் சொல்ல, கப்பலில் இருந்த வாசிலி அர்கிப்போவ் என்ற அதிகாரி சம்மதிக்காமல் அவரைச் சமாதானப்படுத்தினார்.

தென்காசி வாசகர்: அதே கியூபா நெருக்கடியை வைத்து வந்த 'தர்ட்டீன் டேஸ்' (2000) படத்தில் கெவின் காஸ்ட்னர் எப்படி?

பாஸ்டன் ஊர்ப் பேச்சைப் பேச முயன்று அங்கேயே கிண்டல் வாங்கினார். படத்தைத் தூக்கி நிறுத்தியது கென்னடியாக வந்த புரூஸ் கிரீன்வுட். அவரைப் பாருங்கள்.

கூடங்குளம் பக்கத்து வாசகி: அண்ணாச்சி, அணு உலை விபத்துப் படம் பார்க்கலாமா? ஜன்னலைத் திறந்தாலே உலைதான் தெரிகிறது. பயமாக இருக்கிறது.

உங்கள் ஜன்னலில் தெரிகிறதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை தங்கச்சி. படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

'தி சைனா சிண்ட்ரோம்' என்று ஒன்று. ஜேக் லெமன் உலைக் கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பாளர். சிரிக்க வைத்தும் பெயர் வாங்கியவர். ஒரு காட்சி சொல்கிறேன். தண்ணீர் மட்டம் அதிகம் என்று ஒரு மீட்டர் காட்டுகிறது. அதனால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். லெமனுக்குச் சந்தேகம் வந்து மீட்டரை விரலால் தட்டுகிறார். சிக்கியிருந்த முள் விடுபட்டுக் கீழே இறங்குகிறது. தண்ணீர் இருந்தது என்று நினைத்த இடத்தில் தண்ணீர் இல்லை. அப்போது அவர் அலறவில்லை. முகத்தில் ரத்தம் வற்றி வெளுக்கிறதை நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான். பைக் பெட்ரோல் முள்ளை, கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்க்காத வீடு நம் ஊரில் உண்டா? அதனால்தான் நமக்கு அது சட்டென்று உறைக்கிறது.

படம் 1979 மார்ச் 16-இல் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, மார்ச் 28-இல், அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் உலையில் விபத்து. லெமனுக்கு அந்த வருஷம் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

'செர்னோபில்' தொடர் (2019) ஐந்து பாகம். அதைத் தனியாக ராத்திரியில் பார்க்காதீர்கள். விஞ்ஞானியாக ஜேரட் ஹாரிஸ், அதிகாரியாக ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட். ஹெலிகாப்டரில் மிரட்டுகிற அதிகாரி, கடைசிப் பாகத்துக்குள் அந்த விஞ்ஞானியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இருமுகிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறாரே, அதற்காகவே பார்க்கலாம். மனசுக்கு ஒரு தகவல்: அங்கே இருந்தது கிராஃபைட் வைத்த வேறு வகை உலை. கூடங்குளத்தில் இருப்பது அழுத்தத் தண்ணீர் வகை.

அம்பாசமுத்திரம் வாசகர்: தமிழில் ஏன் இப்படி ஒரு படம்கூட இல்லை?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். 1986-இல் வந்த 'விக்ரம்' ஏவுகணை திருட்டுக் கதைதானே? சுஜாதா எழுதியது. சத்யராஜின் வில்லத்தனத்துக்காக எங்கள் தியேட்டரில் திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. 'விஸ்வரூப'த்தில் (2013) கதிர்வீச்சைப் பரப்புகிற சீசியம் குண்டு. அதில் செல்போன் அலையை மறைக்க மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக் கவிழ்ப்பார்களே, அதை என் மருமகள் இன்றைக்கும் சொல்வாள்.

நீங்கள் கேட்பது உட்கார்ந்து பேசுகிற படம். நம் ஹீரோவை ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தால் ரசிகர்கள் நாற்காலியைக் கிழிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். நடிகருக்குக் குறைச்சல் இல்லை. எஸ்.வி. ரங்காராவ் கையில் அந்த ஃபோண்டாவின் போனைக் கொடுத்து நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் ரகுவரன். 'புரியாத புதிர்' படத்தில் 'ஐ நோ' என்ற இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் செய்ததை ஆபரேட்டர் ரூமிலிருந்து நான் எத்தனை தடவை பார்த்தேன்! கரகர ஸ்பீக்கரிலும் அது ஒவ்வொரு தடவையும் வேறாகக் கேட்டது.

திருநெல்வேலி டவுன் வாசகி: 'எ ஹவுஸ் ஆஃப் டைனமைட்' பார்த்தோம். ஒரே கதையை மூன்று தடவை காட்டிவிட்டு முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் டிவியை அடிக்கப் போனார்.

வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்துங்கள். டிவி விலை ஜாஸ்தி.

கேத்ரின் பிகலோ 2025-இல் எடுத்தது. எங்கிருந்தோ ஏவிய ஒரு ஏவுகணை சிகாகோவை நோக்கி வருகிறது. கையில் இருக்கிறது இருபது நிமிஷத்துக்கும் குறைவு. எனக்கு அந்தக் கணக்குதான் முதலில் உறைத்தது. 2000 அடி ரீல் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். சுமார் 22 நிமிஷம். நான் மெஷினில் ரீலை மாட்டிவிட்டு, அடுத்த மெஷினுக்குக் கார்பன் மாற்றி, ஒரு டீ குடிப்பதற்குள் அங்கே ஒரு ஊர் போய்விடும்.

அதையே மூன்று இடத்திலிருந்து காட்டுகிறார்கள். முதல் இரண்டு தடவையும் ஜனாதிபதி வெறும் குரல்தான். மூன்றாவதில்தான் இட்ரிஸ் எல்பாவின் முகம் வருகிறது. நான் காலமெல்லாம் முகத்தை முதலில் பார்த்துவிட்டு, குரலைக் கேட்க ஏங்கியவன். இங்கே தலைகீழ். முன்பு திடமாகக் கேட்ட அதே வார்த்தைகளை, இப்போது திடம் இல்லாத ஒரு முகம் சொல்கிறது. செர்னோபில் விஞ்ஞானி ஜேரட் ஹாரிஸ் இதில் பாதுகாப்பு அமைச்சர். சிகாகோவில் இருக்கும் மகளுக்கு அவர் போன் போடுகிற இடத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள். சவுண்டைக் குறைத்துவிட்டு.

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் காலத்தில் ரீல் முடியப்போகிறது என்றால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓடவிடவேண்டும். இரண்டாவது புள்ளியில் மாற்றவேண்டும். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகும் என் கண் அந்த மூலையிலேயே இருந்தது. மருமகள் வந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.