எல்க் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? கொலராடோ வாசகருக்குப் பதில்

கேள்வி: கொலராடோவில் அரோராவில் இரண்டு வருடமாக எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் வரும் அக்டோபரில் எல்க் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். "ஏப்ரலில் டிராவுக்கு விண்ணப்பம் போடு, இந்த சனிக்கிழமை ரேஞ்சுக்கு வா, என் ரைஃபிளிலேயே சுட்டுப் பழகலாம்" என்கிறார். டேக், பாயிண்ட், யூனிட் எதுவும் புரியவில்லை. காட்டில் எங்கே நடக்கலாம், எங்கே கூடாது? ஊரில் ஆடும் கோழியும் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். இருந்தாலும் மானைச் சுடுவது சரியா என்ற உறுத்தலும் இருக்கிறது.

பதில்: முதலில் அந்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போவதை நிறுத்துங்கள். நண்பர் நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார். ஆனால் அவர் குடிமகன், நீங்கள் எச்-1பி. அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. சொந்தமாக வாங்குவதற்கு மட்டுமல்ல, இரவல் வாங்கிக் கையில் பிடிப்பதற்கும் இதுதான். மீறினால் குற்ற வழக்கோடு விசாவும் போகும். இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் உங்களுக்கு உதவக்கூடியது, அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் வந்த பிறகு ரேஞ்சுக்குப் போங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சொந்தத் துப்பாக்கி வாங்க நினைத்தால் மட்டும் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உரிமம் வாங்கவும் ஒரு படி இருக்கிறது. 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எவரும் கொலராடோவில் வேட்டைக் கல்விச் சான்று இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. பெரும்பகுதியை இணையத்திலேயே படித்து முடிக்கலாம். அப்புறம் கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் தளத்தில் முயல், காடை போன்றவற்றுக்கான சிறு வேட்டை உரிமம் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இங்கே குடியிருப்பதால் உள்ளூர்வாசிக் கட்டணம்தான். இந்த ஓர் உரிமத்தால் இரண்டு காரியம் ஆகும். நண்பர் 'டிரா' என்று சொன்ன எல்க் உரிமக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கத் தகுதி உரிமம் ஒன்று தேவை, அதற்கு இதுவே போதும். துப்பாக்கி விஷயத்தில் மேலே சொன்ன விலக்கும் கிடைக்கும். ஆனால் மார்ச் 31 அன்று காலாவதியாகிவிடும், விலக்கும் அதோடு முடிந்துவிடும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சரி, டேக். ஒரு விலங்கை வேட்டையாடக் கொடுக்கும் உரிமத்தைத்தான் டேக் என்கிறார்கள். எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரிய மான். அமெரிக்காவிலேயே அது அதிகமாக இருக்கும் மாநிலம் கொலராடோ. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை எல்க் இருக்கின்றன, அதில் எத்தனை ஆண், எத்தனை பெண் குறையலாம் என்று கணக்குப் போட்டுத்தான் துறை உரிமங்களை வெளியிடுகிறது. மாநிலத்தை யூனிட்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் உரிமத்தில் யூனிட், சீசன், ஆணா பெண்ணா, ரைஃபிளா வில்லா என்று எல்லாம் எழுதியிருக்கும். பக்கத்து யூனிட்டில் நூறு அடி தள்ளி எல்க் நின்றாலும் அது உங்களுடையதல்ல. நண்பரின் டேக்கில் நீங்கள் சுடுவதும், உங்களுடையதில் அவர் சுடுவதும் குற்றம். ஒரு கூட்டமாகப் போய் யார் யாருக்கோ சுட்டுக்கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. உங்கள் நண்பர் அந்த ரகமா என்று இப்போதே பேச்சுக்கொடுத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதன்மைக் குலுக்கலுக்கான கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் முதல் வாரத்தில் வரும். விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்கள் வரை கொடுக்கலாம். முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் உங்கள் கணக்கில் ஒரு பாயிண்ட் ஏறும். அடுத்த ஆண்டுகளில் அதிகப் பாயிண்ட் உள்ளவருக்கு முன்னுரிமை. பாயிண்ட் செல்லுபடியாவது முதல் விருப்பத்துக்கு மட்டும்தான். இதில் ஒரு வசதி இருக்கிறது: முதல் விருப்பத்தில் 'பாயிண்ட் மட்டும் போதும்' என்பதற்கான குறியீட்டைப் போட்டுவிட்டு, அவ்வளவாகப் போட்டியில்லாத ஒரு டேக்கை இரண்டாவது விருப்பமாகக் கொடுக்கலாம். பாயிண்டும் ஏறும், அதிர்ஷ்டம் இருந்தால் டேக்கும் வரும். முதன்மைக் குலுக்கலில் எதுவும் வராவிட்டால் ஜூன் கடைசி வரை இரண்டாம் குலுக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகும் மிஞ்சியவை ஆகஸ்டில் முதலில் வருபவருக்குப் போகும்.

பாயிண்ட் சேர்ப்பது ஒரு போதையாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்று சில யூனிட்கள் இருக்கின்றன. பெரிய கொம்புள்ள ஆண் எல்க்குக்குப் பேர்போனவை. அங்கே ரைஃபிளோடு ஆண் எல்க் தேட இருபதுக்கு மேல் பாயிண்ட் வேண்டும். இன்று நீங்கள் ஒன்றிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக ஏறினால், உங்களுக்கு முன்னால் நிற்பவர்களும் ஏறிக்கொண்டே இருப்பார்கள். வரிசை நகர்வதைவிட வேகமாக அதன் நீளம் கூடுகிறது. போதாததற்கு, இந்தக் குலுக்கல் முறையையே 2028 முதல் மாற்ற முடிவெடுத்திருக்கிறார்கள். எந்த விசாவில் எத்தனை வருடம் இந்த மாநிலத்தில் இருப்போம் என்று தெரியாத நீங்கள் இருபது வருடத் திட்டம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் என் யோசனை: பெண் எல்க் டேக்குக்கு விண்ணப்பியுங்கள். பல யூனிட்களில் பாயிண்ட் இல்லாமலோ ஒன்றிரண்டு பாயிண்டிலோ கிடைக்கிறது. கட்டணம் உள்ளூர்வாசிக்கு எழுபது டாலரை ஒட்டி வரும். வெளிமாநிலத்தார் ஆண் எல்க் ஒன்றுக்கு எண்ணூறு டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது ரைஃபிள் சீசன்களில் பல யூனிட்களுக்குக் குலுக்கலே இல்லாமல் ஆண் எல்க் உரிமம் விற்கிறார்கள் என்று நண்பர் ஆசை காட்டுவார். உண்மைதான். ஆனால் அந்த யூனிட்களில் பெரும்பாலும் ஒரு கொம்பிலாவது நான்கு கிளைகள், அல்லது ஐந்து அங்குலமாவது உள்ள புருவக் கிளை (கொம்பின் அடியில் முதலில் நீளும் கிளை) இருந்தால்தான் சுடலாம். விடியற்கால மங்கலில், மரங்களுக்கு நடுவில், நெஞ்சு படபடக்கும்போது கிளை எண்ணுவது புதியவருக்கான வேலை இல்லை. எல்க் என்று நினைத்து மூஸ் என்ற வேறொரு பெரிய மானைச் சுட்டுவிட்டுத் துறைக்குப் போன் போடுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது நிலம். ஃபெடரல் அரசின் தேசிய வனங்களும், அதன் நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். நிலங்களும் பொதுவாக வேட்டைக்குத் திறந்தவை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நுழைவுச்சீட்டும் வேண்டாம். ராக்கி மவுண்டன் போன்ற தேசியப் பூங்காக்களில் வேட்டை கிடையாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் புதியவர்கள் வனத்தையும் பூங்காவையும் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொரு குழப்பம் மாநில அறக்கட்டளை நிலம். வரைபடத்தில் அரசு நிலம் என்று தனி நிறத்தில் இருக்கும். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் அப்படிப்பட்ட நிலத்தில் பெரும்பாலும் இறங்கி நடக்கலாம். கொலராடோவிலோ வேட்டைக்கென்று துறை குத்தகைக்கு எடுத்துத் திறந்துவிட்ட துண்டுகளில் மட்டும்தான். மாநில வனவிலங்குப் பகுதிகளுக்குள் போகவும் உரிமமோ பாஸோ கையில் இருக்க வேண்டும்.

தனியார் நிலத்துக்கு இங்கே வேலியும் பலகையும் இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை. "போர்டு இல்லையே" என்ற பேச்சு செல்லாது. எல்லை எங்கே என்று அறிவது உங்கள் பொறுப்பு. ஃபோனில் நில உரிமை காட்டும் ஆன்எக்ஸ் போன்ற செயலியை வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்துக்காக வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வையுங்கள். வண்டி எந்தப் பாதையில் போகலாம் என்பதற்கு வனத்துறையின் இலவச வாகன வரைபடம் தனியாக உண்டு. எல்க் விழுந்துவிட்டது என்பதற்காகப் பாதையை விட்டு வண்டியை இறக்கினால் அபராதம்தான்.

மூலை தாண்டும் வழக்கைப் பற்றி நண்பர்கள் கட்டாயம் பேசுவார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ரயில்பாதை போட்ட நிறுவனங்களுக்கு அரசு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்தது. விளைவு, வயோமிங்கின் தெற்குப் பகுதி சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிட்டது: ஒரு கட்டம் பொது, அடுத்தது தனியார். இரண்டு பொதுக் கட்டங்கள் ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். மேற்கு மாநிலங்களில் இப்படி மூலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பொது நிலம் 80 லட்சம் ஏக்கருக்கு மேல் என்று ஆன்எக்ஸ் கணக்கிட்டிருக்கிறது. 2021இல் மிசூரியைச் சேர்ந்த நான்கு வேட்டைக்காரர்கள் வயோமிங்கின் எல்க் மவுண்டன் என்ற மலையில் ஓர் இரும்பு ஏணியை மூலைக்கு மேல் நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். நில உரிமையாளர், தன் நிலத்துக்கு மேலுள்ள காற்றும் தன்னுடையது என்றார். அத்துமீறல் வழக்கில் ஜூரி அவர்களை விடுவித்தது. சிவில் வழக்கிலும், பொது நிலத்தை அடைத்துவைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது.

கொலராடோவும் அந்த வட்டாரத்துக்குள்தான் வருகிறது, மொன்டானா வராது. தீர்ப்பு சரியானது என்பது என் கட்சி. மக்களின் நிலத்தை ஒருவர் தன் பண்ணையின் பின்கட்டாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதை நம்பி முதல் வருடமே நீங்கள் மூலை தாண்ட வேண்டாம். ஃபோன் காட்டும் புள்ளி சில மீட்டர் தள்ளி இருக்கும். நில அளவைக்காரர் நட்ட அடையாளத்தைக் கண்ணால் பார்க்காமல் தாண்டினால், நீங்கள் மிதிப்பது தனியார் மண்ணாக இருக்கலாம். விசாவில் இருப்பவர் ஷெரிஃப் முன் நின்று சட்டம் பேசும் நிலைக்குப் போகவே கூடாது. வயோமிங் போக ஆசை வந்தால் இன்னொன்று: அங்கே 'வில்டர்னஸ்' (காடாகவே விட்டுவைத்த பகுதி) என்று அறிவித்த ஃபெடரல் நிலத்தில் வெளிமாநிலத்தார் வழிகாட்டியோ, அதற்கான அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ இல்லாமல் பெரிய விலங்கு வேட்டையாட முடியாது. பொது நிலத்தில் இப்படி ஒரு விதியா என்று எனக்கும் எரிச்சல்தான். ஆனால் விதி அதுதான்.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே திருட்டு வேட்டைதான் நினைவுக்கு வரும். இங்கே நடந்தது வேறு. 19ஆம் நூற்றாண்டில் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில் எல்க் அழியும் நிலைக்கு வந்தது. கொலராடோவின் எஸ்டஸ் பார்க் என்ற ஊரில் இன்று தெருவில் உலவும் கூட்டத்தின் மூதாதைகளே 1913, 1914இல் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்தவை. இறைச்சி விற்பனை நின்றது, உரிமமும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தன. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் ஃபெடரல் வரியை, இப்போது அது 11 சதவீதம், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில வனவிலங்குத் துறைகளுக்குக் கொடுக்கிறார்கள். வேட்டைக்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமை அடிப்பதில் கொஞ்சம் மிகை உண்டு, ஏனென்றால் அந்த வரியைக் கட்டுபவர்களில் வேட்டைக்கே போகாதவர்களும் ஏராளம். எல்லா வேட்டையும் எல்லோருக்கும் சம்மதம் என்பதும் இல்லை. மலைச் சிங்க (பூமா) வேட்டையைத் தடைசெய்யும் யோசனையை 2024 நவம்பரில் கொலராடோ வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். ஆனால் ஆதரித்து வாக்களித்தவர்களும் கணிசம்.

எனக்கு முக்கியமாகப் படுவது விசையை அழுத்துவதற்கு முந்தைய முடிவுகள். எத்தனை கஜம் வரை சுடுவேன் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ரேஞ்சில் உட்கார்ந்து மேசையில் தாங்கிச் சுடுவது கணக்கில் வராது. மூச்சு வாங்க, மண்டியிட்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இலக்கில் தவறாமல் படுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. புதியவருக்கு அது இருநூறு கஜத்தைத் தாண்டாது. ஆயிரம் கஜத்தில் சுட்ட காணொளிகளைப் பார்த்து மயங்காதீர்கள். குண்டு போய்ச் சேர்வதற்குள் விலங்கு ஒரு அடி எடுத்துவைத்தால் வயிற்றில் படும், மணிக்கணக்கில் துடிக்கும். பக்கவாட்டில் நின்றால் மட்டும், நெஞ்சுக்குக் குறிவைத்து மட்டும். சுட்ட பிறகு அது ஓடி மறைந்தால் படவில்லை என்று முடிவுகட்டாமல், நின்ற இடத்துக்குப் போய் ரத்தமும் முடியும் தேட வேண்டும். இருட்டினாலும், மறுநாள் ஆனாலும். காயப்பட்டது கிடைக்கவே இல்லையென்றால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், என் டேக் முடிந்தது என்று வீடு திரும்புவதே நியாயம் என்பது என் எண்ணம். இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

டிரோன் பறக்கவிட்டுத் தேடுவதும், தீனி போட்டு எல்க்கை வரவழைப்பதும் கொலராடோவில் சட்ட விரோதம். இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்போடு வருவதும் குற்றமே. 1995இல் எஸ்டஸ் பார்க்கில் ஊரே செல்லமாகப் பார்த்த சாம்சன் என்ற ஆண் எல்க்கை ஒருவன் திருட்டுத்தனமாகக் கொன்றான். அதன் பெயராலேயே வந்த சட்டத்தில், ஆறு கிளைக் கொம்புள்ள ஆண் எல்க்கைச் சட்டவிரோதமாகக் கொன்றால் வழக்கமான அபராதத்துக்கு மேல் 10,000 டாலர்.

பெண் எல்க் ஒன்று இருநூறு கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கினால் அறுபது கிலோ அளவில் கறி தேறும். அக்டோபர் வெயிலில் தோலை உடனே உரித்துக் காற்றாட விடாவிட்டால் கெட்டுவிடும். முதுகில் சுமந்து மூன்று நான்கு நடை போக வேண்டியிருக்கும் என்பதால், வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சுடுவதற்கு முன்பே யோசியுங்கள். எலும்பிலிருந்து பிரித்தாலும் பெண் என்பதற்கான உறுப்பு ஒரு துண்டோடு இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும். வழியில் அதிகாரி அதைத்தான் கேட்பார். ரைஃபிள் சீசனில் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறமும், தலையில் அதே நிறத் தொப்பியும் கட்டாயம்.

கறியை உடனே பங்கு போடாதீர்கள். மான்களின் மூளையைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நோயை முதன்முதலில் கவனித்ததே 1967இல், இதே மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில்தான். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. தலையைத் துறையின் அலுவலகத்தில் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை உங்கள் ஃப்ரீசரில் தனியாக வையுங்கள். நண்பர்கள் வீட்டுக்கு அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.