பூனை மிதித்து உபுண்டு கருப்பானால்

கணினியில் உபுண்டுவை (லினக்ஸ் வகை இயங்குதளம்) மறுபடி நிறுவ வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பூனை விசைப்பலகையில் படுத்தது, திரை கருப்பானது, வெள்ளை எழுத்தில் "லாகின்" என்று மட்டும் கேட்கிறது, திறந்திருந்த வேலையெல்லாம் போய்விட்டது என்கிறீர்கள். எதுவும் போகவில்லை. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு எஃப்3 விசையும் சேர்ந்து அமுங்கியிருக்கும். லினக்ஸில் அது வேறொரு முனையத்துக்கு, அதாவது எழுத்து மட்டுமே உள்ள தனித் திரைக்கு, தாவும் வழி. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரவில்லையென்றால் எஃப்1 போட்டுப் பாருங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துவிடாதீர்கள். சேமிக்காதது அப்போதுதான் உண்மையாகவே போகும்.

எங்கள் வீட்டு மகாராணி இதைவிடக் கெட்டிக்காரி. ஒருநாள் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) கண்ட்ரோல், எஸ் இரண்டையும் மிதித்துவிட்டாள். என்ன தட்டினாலும் திரையில் ஒன்றும் வரவில்லை. அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் நினைவு வந்தது: டெலிடைப் (தொலைவிலிருந்து தட்டச்சிடும் பழைய கருவி) காலத்து நிறுத்தக் கட்டளை அது. கண்ட்ரோல், க்யூ அழுத்தியதும் எல்லாம் ஓடியது.

அப்புறம், அமைப்புகளில் மின்சாரப் பகுதிக்குப் போய், பவர் பொத்தானை அழுத்தினால் எதுவும் செய்யாதே என்று வைத்துவிடுங்கள். எழுந்து போகும்போது திரையைப் பூட்டினால் மட்டும் போதாது, பூட்டிய திரையிலிருந்தும் முனையம் தாவும். மூடியைச் சாத்திவிட்டுப் போங்கள்.

பூனைக்கு 30 டிகிரிக்கு மேல்தான் சுகம்; அது தேடி வருவது கணினியின் சூட்டைத்தான். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துண்டைப் போட்டு வையுங்கள். விசிறித் துளையில் முடி அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.